தைக்காத திரை

மூன்றாவது தடவையும் திரை கதிர்காமநாதனின் முகத்தில்தான் விழுந்தது.

"பிள்ளை, நான் இன்னும் சாகேல்லை," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதுக்குள்ள என்ன அவசரம், மூடுறாய்?"

ஆரணி கதிரையிலிருந்து குதித்து ஓடிப்போய்த் துணியை இழுத்தாள். துணி வந்தது, பசை வரவில்லை. அது அப்பாவின் இடது புருவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஈரத் துவாயால் துடைத்தாள். புருவத்தில் இருந்தது மீசைக்குப் போனது.

"விடு, விடு. இருக்கிற மயிரையும் பிடுங்காதை."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் அந்த வீடு. யன்னல் மேற்குப் பார்த்தது. வாங்கும்போது தரகர் "சீ வியூ, சீ வியூ" என்று சொல்லியே விலையை ஏற்றினார். கடலோடு வெயிலும் சேர்ந்து வரும் என்பதை மனிதர் சொல்ல மறந்துவிட்டார். மத்தியானம் திரும்பினால் வெயில் கட்டிலில் ஏறும். கால், வயிறு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏறி, பின்னேரம் முகத்தில் வந்து குந்திவிடும். கட்டிலைத் திருப்பினால் அறைக் கதவு திறக்காது. பக்கத்தில் ஒட்சிசன் மெசின் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கதிர்காமநாதனின் இருதயம் கைவிரித்துவிட்டது. பெரிய டொக்டர் ஆரணியை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "வீட்டில வைச்சுச் சந்தோசமாப் பாருங்கோ" என்று சொன்னார். எங்கள் சனத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கட்டிலில் கிடந்த கதிர்காமநாதனுக்கும் தேவைப்படவில்லை.

சந்தோசமாக வைத்திருக்க வேண்டிய மனிதரை வெயில் வாட்டுகிறதே என்று ஆரணி முதலில் கடையில் போய் பிளைன்ட் விலை கேட்டாள். கடைக்காரன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிறகு வாறன்" என்று சொல்லி, வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்படி வெளியே வந்தாள். அவளுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. இப்போது சம்பளமில்லாத லீவு. கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கு வெள்ளவத்தையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

"நீயே செய்," என்றார் அப்பா. "நான் போனாப் பிறகு அந்த பிளைன்ட்டை ஆருக்குக் காட்டப்போறாய்?"

யூரியூபில் ஒரு வெள்ளைக்காரி, ஊசி நூல் தொடாமல், பசையும் துணியும் நாலு மரச்சட்டமும் வைத்துப் பத்து நிமிடத்தில் திரை செய்து காட்டினாள். செய்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊரில் வெயில் பசையை உருக்குவதில்லை போலும். ஆரணி முதலில் இருபக்கம் ஒட்டும் ரேப் போட்டாள். விழுந்தது. பிறகு பசை போட்டாள். விழுந்தது. பாரம் இல்லாததால்தான் விழுகிறது என்று நினைத்து, எதிர்வீட்டார் எறிந்த பழைய பிளைன்ட்டின் தகடுகளை உருவி உள்ளே வைத்து ஒட்டினாள். அதுதான் இப்போது விழுந்தது. பாரத்தோடு விழுந்தது.

"தைச்சிருந்தால் ஒருநாளும் கழண்டிராது," என்று அவள் வாய்க்குள் சொன்னாள்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் தையலைப் பற்றிக் கதைத்தால் அப்படித்தான். தைக்கத் தெரிந்தவள் ஹம்சிகா. ஆரணியின் அக்கா.

ஒன்பது வருசத்துக்கு முன் ஹம்சிகா கொட்டாஞ்சேனை ஜெனிஸ்டனைச் சேர்ச்சில் வைத்துக் கட்டினாள். கதிர்காமநாதன் கலியாணத்துக்குப் போகவில்லை. அடுத்த நாள் இரண்டுபேரும் கும்பிட வந்தபோது கதவைத் திறந்து ஒரே ஒரு வசனம் சொன்னார். "நான் செத்தால் வா. அதுக்கு முந்தி இந்த வாசல் மிதிக்கக்கூடாது."

வேறு பிள்ளை என்றால் காலில் விழுந்து அழுதிருக்கும். இவள் அவருடைய மகள் அல்லவா. "சரி அப்பா. செத்தாப் பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த கிழமை ஆளனுப்பி, அம்மா தனக்கென்று விட்டுப்போன தையல் மெசினை எடுப்பித்தாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் கழன்ற பொத்தான் எல்லாம் சட்டை ஊசியால் குத்தித்தான் நின்றது.

டொக்டர் சொன்ன அன்றே ஆரணி இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்தாள்.

"சொன்ன சொல்லை மாத்த நான் என்ன அரசியல்வாதியோ?" என்றார் அப்பா.

"அவர் வாயால ஒருக்கா வா எண்டு சொல்லட்டும், அடுத்த பஸ்ஸில நிப்பன்," என்றாள் அக்கா, போனில். "சொல்லாட்டி, சொன்ன நேரத்துக்கு வருவன்."

இரண்டும் ஒரே குணம். நடுவில் கிடந்து நொந்தவள் ஆரணி. அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அப்பா கண் மூடுவதற்குள் அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். இரவில் அதை நினைத்து அழுவாள். காலமை எழும்பிப் பசை கிண்டுவாள்.

"பிள்ளை, உள்ளுக்குக் கட்டினால் என்ர முகத்திலதான் விழும்," என்றார் கதிர்காமநாதன். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்கும்போதும் அளவு சொல்லாமல் விடமாட்டார். "வெளியில கட்டு. யன்னல் கிறில்லுக்கு வெளியால. வெயில் கண்ணாடிக்கு வர முந்தியே மறிக்கோணும்."

"சரி அப்பா. என்ர நீலப்பூச் சீலை ஒண்டு கிடக்கு..."

"நீலம் வேண்டாம். வெள்ளை எடு."

"வெள்ளை ஊத்தையாப் போகுமே."

"வெள்ளைதான் வெயிலைத் திருப்பி அனுப்பும். படிச்சனி தானே? நீளமா எடு. குறுக்காதை."

புறக்கோட்டைக்குப் போய் வெள்ளைத் துணி கட்டாக வாங்கிவந்து, அதே தகடுகளை உள்ளே வைத்து ஒட்டினாள். வெளியில் கட்ட அவளால் முடியாது. கீழே ஓட்டோ நிறுத்தும் மஷூர் நானாவைக் கூப்பிட்டாள். ஐம்பது வயது மனுசன். ஐயாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியே வீட்டு ஆள் ஆகிவிட்டவர். அவர் கிறில்லில் ஒரு காலும் பக்கத்துக் குழாயில் ஒரு காலும் வைத்து, கலிமா சொல்லிக்கொண்டே திரையைக் கட்டினார்.

ஒரு மணித்தியாலம் நின்றது. பிறகு பசை இளகியது. தகடுகள் ஒவ்வொன்றாகக் கீழே போக, கடற்காற்று துணிக்குள் புகுந்து படபடவென்று அடித்தது. மூன்றாம் மாடியில் நாய் குரைத்தது.

"மிச்சத் துணியை நாடா நாடாக் கிழி," என்றார் அப்பா கட்டிலில் இருந்து. "ரெண்டு பக்கமும் இறுக்கி, கீழ வரைக்கும் இழுத்துக் கட்டச்சொல்லு."

"கீழ எண்டால் எங்க அப்பா?"

"கேற்றில கட்டட்டும். லைற் போஸ்ற்றிலயும் ஒண்டு. அப்பத்தான் ஆடாது."

மஷூர் கட்டினார். நாலாம் மாடியிலிருந்து கேற் வரைக்கும் வெள்ளை நாடா இறங்கியது. கேற்றில் மிச்சம் தொங்கியது. போஸ்ற்றில் ஒரு முடிச்சு, அதிலும் ஒரு தொங்கல். திரை இறுகி நின்றது. அறை நிழலானது. அப்பாவின் முகத்தில் வெயில் இல்லை. ஆரணி கட்டிலின் காலடியில் இருந்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

அவள் செய்த ஒரே பிழை, கீழே போய் ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்க்காததுதான். இந்த ஊரில் கேற்றில் வெள்ளைத் துணி தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம். வீட்டில் பிணம் கிடக்கிறது.

வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு நேசமலர் அன்ரி நின்றாள். மூக்குச் சிவந்திருந்தது. கையில் கைலேஞ்சி.

"பிள்ளை... எப்ப?"

"இப்பத்தான் அன்ரி. கொஞ்சம் முந்தி."

"ஐயோ. கஷ்டப்பட்டதோ?"

"சும்மா கஷ்டமே! மூண்டு தரம் விழுந்தது. கடைசியா வெளியில போட்டாப் பிறகுதான் எனக்கு நிம்மதி."

நேசமலர் அன்ரி ஓரடி பின்னால் போனாள். "வெளியிலயோ? ஏன் பிள்ளை, உள்ளுக்கு வைக்க இடமில்லையோ?"

"உள்ளுக்கு வைச்சால் மணக்குது அன்ரி. பசை."

அன்ரி அவளைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனாள். கதிர்காமநாதன் வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து, கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் வைத்துக் கிடந்தார். அன்ரிக்கு ஓவென்று அழுகை வந்தது.

"நித்திரை கொள்ளுறது போலவே கிடக்கு."

"நித்திரைதான் அன்ரி."

"ஓம் ராசாத்தி. இனி நல்ல நித்திரைதான்."

"ஆர்?" என்று பிணம் கேட்டது.

நேசமலர் அன்ரி போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடி நாய் மறுபடி குரைத்தது. கதிர்காமநாதன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "ஓ, நேசமலரோ," என்று சலித்துக்கொண்டு திரும்ப மூடிவிட்டார்.

தண்ணீர் தெளித்துக் கதிரையில் இருத்திய பிறகுதான் அன்ரிக்கு வாய் வந்தது. "கேற்றில வெள்ளையைக் கண்டிட்டுத்தான் பிள்ளை வந்தனான். வரமுந்தி ரொறன்ரோவுக்குச் சொல்லிப்போட்டன். லண்டனுக்கும் சொல்லிப்போட்டன். கோயில் ட்ரஸ்ற்றுக்கும்..."

"அன்ரி!"

"நான் என்ன செய்ய? நல்ல மனுசன், கடைசியா அறிஞ்சால் கோவிப்பினம் எண்டு பாத்தன்."

ஆரணி மஷூரைத் தேடிக் கீழே ஓடினாள், நாடாவை அவிழ்க்க. கேற்றடியில் லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மாடிக் குடியிருப்பு நலன்புரிச் சங்கச் செயலாளர் ராகுலன் கை காட்டி லொறியை உள்ளே எடுத்தான். பிளாஸ்ரிக் கதிரைகள் இறங்கின. லிஃப்ற் பழுது என்று சொன்னால் இவனுக்கு ஒரு மாதம் வேண்டும். சாவு என்றால் ஒரு மணித்தியாலம் போதும்.

"ராகுலன், அப்பா இருக்கிறார். இது யன்னல் திரை."

ராகுலன் தலையைச் சரித்து அவளைப் பார்த்தான். "அக்கா, உங்கட நிலைமை எனக்கு விளங்குது. முதல் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். எங்கட அப்பா போனபோது அம்மா ரெண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணி ஊத்தினவா."

"உண்மையா இருக்கிறார் எண்டு சொல்லுறன்!"

"அழுங்கோ அக்கா. உள்ளுக்கு அடக்கக்கூடாது."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ராகுலன் தலையாட்டி, லொறிக்காரனிடம் தறப்பாளையும் இறக்கச் சொன்னான்.

அவனைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள். கதிர்காமநாதன் முந்திய மாதிரியே கைகட்டிக் கிடந்தார்.

"ஆர்?"

"ராகுலன், அப்பா. கண்ணைத் திறவுங்கோ. இவன் நம்புறானில்லை."

கண் திறக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. "கதிரை எத்தினை கொண்டந்தனி?"

"ஐ... ஐம்பது, ஐயா."

"காணாது."

ராகுலன் லிஃப்ற்றுக்கு நிற்காமல் படியால் ஓடினான். ஓடியவன் நேரே லொறிக்காரனிடம் போய் இன்னும் கதிரை சொல்லிவிட்டான். பழக்கதோஷம்.

ஆரணிக்கு மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் நல்லது. ஒட்சிசன் மெசின் வந்த காட்போட் பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனையால் ஓர் அறிவிப்பு எழுதினாள். அவசரத்தில் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டாள். பெயர் நீளம், மட்டை குறுகல். "உயிரோடு இருக்கிறார்" என்பதற்கு, மட்டையின் அடியில், ஒரு விரல் இடம்தான் மிஞ்சியது. அதில் நுணுக்கமாக எழுதி, கேற்றில், அந்த வெள்ளை நாடாவிலேயே கட்டிவிட்டாள்.

ஆக, கேற்றில் வெள்ளைத் துணி. துணிக்கு நடுவில் கதிர்காமநாதன் என்று கொட்டை எழுத்து. காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட ஒழுங்கைக்குள் இறங்கி வந்தார்கள். கிட்ட வந்து வாசிக்க யாருக்கும் மனசில்லை. தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். அடுத்த தரம் அவள் எட்டிப் பார்த்தபோது மட்டையில் யாரோ ஒரு மாலை போட்டிருந்தார்கள். மாலை விழுந்த இடத்தில் அந்த நுணுக்க எழுத்தும் மறைந்துபோயிருந்தது.

திரையை அறுத்துத் தொலைப்போம் என்று கத்தரிக்கோலோடு யன்னலுக்குப் போனாள்.

"கை வைச்சாய் எண்டால் தெரியும்!" கதிர்காமநாதனுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ. "எனக்கு வெயில் பட்டால் ஏலாது எண்டு தெரியாதோ?"

"அப்பா, கீழ சனம் குவிஞ்சு நிக்குது. நீங்கள் செத்திட்டியள் எண்டு அழுகினம்."

"அழட்டும். ஆர் ஆர் வந்திருக்கினம்?"

அவள் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் "ம்" என்றார்.

"வேற?"

"வேற ஒருத்தரும் இல்லை."

"மஷூரை மேல வரச்சொல்லு. செவ்விளநீர் குடிக்க ஆசையாக் கிடக்கு."

மஷூர் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஐயா சொன்னதைக் கட்டில் தலைமாட்டில் குனிந்து கேட்டுவிட்டு, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ஓர் இளநீருக்கு மனிதன் பாணந்துறைக்கா போனான் என்று ஆரணி பல்லைக் கடித்தாள். நாடாவை அவர் முடிச்சுப்போட்ட முறை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கிடையில் வட்ஸ்அப்பில் கண்ணீர் கொட்டியது. ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா முறையான ஒருவர், கலியாண வீடொன்றில் அப்பா வடை கடித்துக்கொண்டு நின்ற படத்தை வெட்டி, சுற்றிவர மெழுகுதிரி வைத்துப் போட்டிருந்தார். பழைய மாணவர் சங்கம் அப்பாவைச் சிறந்த உதைபந்தாட்ட வீரர் என்றது. அவர் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டவரில்லை. ஆரணி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள், சிரிக்கட்டும் என்று. அவர் சிரிக்கவில்லை.

"வேற ஆர் போட்டிருக்கினம்?"

"லண்டன் மாமா."

"வேற?"

"அவ்வளவுதான் அப்பா."

ஒவ்வொரு தரம் மணி அடிக்கும்போதும் அவருடைய தலை கொஞ்சம் உயரும். "ஆர்?" என்பார். பெயரைச் சொன்னதும் தலை திரும்பத் தலையணைக்குப் போகும். ஆரணிக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுசனுக்குத் தன் சாவுக்கு எத்தனை சனம் என்று எண்ணிப் பார்க்கிற பெருமையா? அவள் ஒரு ஆள் நின்று படியேறி இறங்கிச் சாகிறாள், இவருக்கு ஆள் காணாதாம். அதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டாள்.

கடைசியில் ராகுலன்தான் காப்பாற்றினான். கோயில் ட்ரஸ்ற் ஆட்கள் கிரியைக்கு நேரம் கேட்டபோது, பயந்து பயந்து மறுபடி மேலே வந்து, ஐயாவின் மூக்கில் இருக்கிற குழாயையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் வடிவாகப் பார்த்துவிட்டுக் கீழே போய்க் கதிரையில் ஏறி நின்று சொன்னான். "ஐயா இருக்கிறார். எல்லாரும் மன்னிக்கோணும். இது யன்னல் திரை."

சனம் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். சிலர் பட்டார்கள்தான். ஆனால் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தவர்களுடைய முகத்தில் தெரிந்ததைச் சந்தோசம் என்று சொல்ல முடியாது. ஒரு மனுசி, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடியும் விளையாடுவினமோ?" என்று கேட்டுக்கொண்டு போனாள். மாலையைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

"கதிரையைத் திருப்பி ஏத்தேல்லை அக்கா," என்றான் ராகுலன். "கீழ ஒரு மூலையில அடுக்கிவிடுறன். எப்பிடியும்..."

அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். எப்படியும் அந்தக் கதிரை தேவைப்படத்தான் போகிறது. அது ஆரணிக்கும் தெரியும்.

ஒழுங்கை வெறுமையானது. அவள் கதவைச் சாத்தி, அதிலேயே முதுகைக் கொடுத்து நிலத்தில் இருந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா!

ரொறன்ரோவுக்குத் தெரிந்த செய்தி கொட்டாஞ்சேனைக்குத் தெரியாமல் இருக்குமா? அக்காவுக்குப் பிரஷர் வேறு. செய்தியைக் கேட்டு எங்கே விழுந்து கிடக்கிறாளோ. விழாமல் ஓடிவந்தாலும் ஆபத்துத்தான். செத்த வீடு என்று நினைத்துக் கத்திக் குழறிக்கொண்டு உள்ளே வர, அப்பா கண்ணைத் திறந்து, "நான் சாக முந்தி ஏன் வந்தனி?" என்று கேட்டால்? அதோடு முடிந்தது. பிறகு உண்மையாகச் செத்தாலும் அவள் வரமாட்டாள். இருக்கிற ஒரு நூலும் அறுந்துவிடும். எப்படியாவது ஒருநாள் ஆறுதலாகக் கதைத்து இரண்டு பேரையும் சேர்க்கலாம் என்று அவள் வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் இந்தப் பாழாய்ப்போன துணியால் போய்விடும்.

அக்காவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு இன்னொரு தரம் அடித்தாள்.

"ஹலோ." அழுது அழுது அடைத்த தொண்டை.

"அக்கா! பயப்பிடாதேங்கோ. அப்பாவுக்கு ஒண்டுமில்லை. அது பொய்க் கதை."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் யன்னலுக்கு வெள்ளைத் துணி போட்டனான். சனம் பிழையா விளங்கிட்டுது. அப்பா இருக்கிறார் அக்கா. கதைக்கிறார். இளநீர் கேக்கிறார்."

கோச்சி ஒன்று கடற்கரைத் தண்டவாளத்தில் யன்னலை அதிர வைத்துக்கொண்டு போனது. போனுக்குள்ளும் அதே இரைச்சல். ஆரணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "இஞ்ச கோச்சி போகுது, கேக்கேல்லை! என்ன சொன்னனீங்கள்?"

"உயிரோடதான் இருக்கிறாரோ எண்டு கேட்டனான்."

"அம்மாவாணை இருக்கிறார். நீங்கள் வரவேண்டாம் அக்கா, வந்தால் வீண் பிரச்சினை. நான் எல்லாம் பாக்கிறன்."

"சரி," என்றாள் ஹம்சிகா. போன் வைக்கப்பட்டது.

ஆரணி கண்ணை மூடிப் பெரிதாக மூச்சு விட்டாள். விடிந்ததிலிருந்து தொட்டதெல்லாம் பிழைத்த ஒரு நாளில், இந்த ஒன்றையாவது சரியாகச் செய்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"ஆர்?" என்றார் அவர், தலையை உயர்த்தி.

"நான்தான் அப்பா. எல்லாரும் போயிட்டினம். இனி ஒருத்தரும் வராயினம். நீங்கள் படுங்கோ."

"ஒருத்தரும் வராயினமோ?"

"இல்லை. அக்காவுக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். நீங்கள் உயிரோட இருக்கிறியள், வரவேண்டாம் எண்டு."

கதிர்காமநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் பெயர் எடுத்ததற்குப் பேச்சு விழப்போகிறது என்று ஆரணி நினைத்தாள். விழவில்லை.

"சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அப்பா. நல்லகாலம், நேரத்துக்குச் சொன்னது."

"கெட்டிக்காரி," என்றார் அவர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்சம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது. "அந்தத் துணியைக் கழட்டு."

"வெயில் படுமே அப்பா!"

"படட்டும். கழட்டு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாள் முழுக்க அந்தத் துணிக்காகச் சண்டை பிடித்த மனுசன். கத்தரிக்கோலை எடுத்து, கிறில்லுக்குள் கை விட்டு, எட்டின மட்டும் வெட்டினாள். துணி காற்றில் இழுபட்டுக் கீழே போனது. பின்னேர வெயில் கட்டிலில் ஏறி அவருடைய பிடரியில் விழுந்தது. அவர் அசையவில்லை. தோள் மட்டும் இலேசாக ஆடியது. மூச்சு வாங்குகிறாரோ என்று பயந்து மெசினைப் பார்த்தாள். அது சரியாகத்தான் ஓடியது.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மஷூர் நானா நின்றார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. வெறுங்கை.

"இவ்வளவு நேரமும் எங்க நானா போனீங்கள்? எங்க இளநீர்?"

மஷூர் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எளநிக்கு இல்ல மிஸ், ஐயா என்னைய அனுப்பினது கொட்டாஞ்சேனைக்கு, 'நான் செத்திட்டன் எண்டு சொன்னால்தான் வருவாள், சொல்லிக் கூட்டிக்கொண்டு வா'ண்டு, பெரிய மக கீழ கேற் வரைக்கும் அழுதழுது வந்து எறங்கினாங்க, ஒங்கட போன் வந்த பொறகுதான் திரும்பி நடந்து போய் பஸ் ஏறினாங்க."